கமில்லேரியை வாசிப்பது எப்படி: பதினெட்டுப் பின்னேரங்கள்

அந்த்ரேயா கமில்லேரியின் துப்பறியும் நாவல்களை எங்கே தொடங்குவது, அந்தக் குழப்படி மொழியை எப்படிச் சமாளிப்பது என்று கேட்கிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இலக்கியம் படித்தவன் இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பலெர்மோவில் வீட்டு வேலையும், வயதான ஆட்களைப் பார்க்கிற வேலையும் செய்து வருகிறேன். ஆனால் இன்ஸ்பெக்டர் மொந்தல்பானோ நாவல்களை ஒன்றும் விடாமல், சத்தம்போட்டு, ஒரு மனுசிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். தகுதி அவ்வளவுதான்.

அந்த மனுசி ஓய்வுபெற்ற லத்தீன் ரீச்சர். கண்ணின் நடுப்பகுதி போய், ஓரத்தால் மட்டும் ஆளைப் பார்ப்பார். அலுமாரியில் செல்லேரியோ பதிப்பகத்தின் கடும் நீல நிறச் சின்னப் புத்தகங்கள் வரிசையாக இருந்தன. ஒருநாள் அதில் ஒன்றை எடுத்து, "வாசி" என்றார். "சிஞ்ஞோரா, என்ர இத்தாலியன் குசினி இத்தாலியன்" என்றேன். "அதுதான் வேணும். பள்ளிக்கூட இத்தாலியன் தெரிஞ்ச ஆள் இதை வாசிச்சால் கெடுத்துப்போடும்" என்றார்.

ஒரு வருடம் போன பிறகுதான் அவர் சொன்னது விளங்கியது. ஆகவே முதல் காரியம்: வாயைத் திறந்து வாசியுங்கள். கமில்லேரி கண்ணுக்கு எழுதின ஆள் இல்லை. 1925 செப்டெம்பர் 6இல் சிசிலியின் தென்கரையில் உள்ள போர்த்தோ எம்பெதோக்லே என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அடித்தொழில் நாடகம். ரோமில் சில்வியோ தாமிக்கோ நாடகக் கல்லூரியில் நெறியாள்கை படித்து, பிறகு அங்கேயே படிப்பித்தவர். 1958இல் பெக்கெட்டின் ஒரு நாடகத்தை இத்தாலிய மேடைக்குக் கொண்டுவந்தவர். அரச தொலைக்காட்சியான ராயில் வருடக்கணக்காக வேலை செய்தவர். ஒரு வசனத்தை எழுதும்போது அதை யார், எந்த மூச்சில் சொல்கிறார் என்பது அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

முதல் நாவல் பிறந்த கதையும் காது சம்பந்தப்பட்டதுதான். அவருடைய தகப்பன் ஆஸ்பத்திரியில் சாகக்கிடந்தபோது, மகன் மனதில் இருந்த ஒரு கதையைச் சொல்லிக் காட்டுகிறார். தகப்பன், "இதை எழுது, எனக்குச் சொன்ன மாதிரியே எழுது" என்கிறார். சொன்ன மாதிரி என்றால் வீட்டில் கதைக்கிற மாதிரி: பாதி இத்தாலியன், பாதி சிசிலியன். 1968 அளவில் எழுதி முடித்ததை பத்து வருடம் ஒரு பதிப்பகமும் தொடவில்லை. 1978இல் ஒரு சின்னப் பதிப்பகம் காசு வாங்காமல் அச்சடித்தது. அதிலிருந்து எடுக்கிற ரீவித் தொடரின் எழுத்தோட்டத்தில் தங்கள் பெயரைப் போட வேண்டும் என்பது மட்டும்தான் அவர்கள் கேட்ட விலை. 1980இல் இன்னொரு நாவல் வந்தது. அதன் பிறகு 1992 வரைக்கும் நாவல் இல்லை. முதல் மொந்தல்பானோ 1994இல் வரும்போது மனுசன் எழுபதுக்குக் கிட்ட. எங்கள் ஊரில் அந்த வயதில் ஆட்கள் கோயில் கணக்குப் பார்ப்பார்கள்.

கடைசி வருடங்களில் கண் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை முற்றாகப் போனது. உதவியாளராக இருந்த பெண்ணுக்கு வாயால் சொல்லிச் சொல்லியே புத்தகங்களை முடித்தார். அவற்றை நான் கண் போன இன்னொரு ஆளுக்கு வாயால் வாசித்தேன். காகிதம் இடையில் சும்மா வந்துபோனது.

இனி அளவு. ஒரு மொந்தல்பானோ நாவல் என்றால் 18 அத்தியாயம், அத்தியாயத்துக்கு 10 பக்கம். கணினியில் அப்படித் தட்டித்தான் எழுதுவேன், கூடினாலும் குறைந்தாலும் மூச்சு பிசகிவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். வாசிக்கிற ஆளுக்கு இது பெரிய வசதி. ஒரு பின்னேரத்துக்கு ஓர் அத்தியாயம். சத்தம்போட்டு வாசித்தால் அரை மணித்தியாலம், கோப்பி ஊற்றுகிற நேரத்தோடு நாற்பது நிமிடம். பதினெட்டாம் நாள் கொலைகாரன் யாரென்று தெரியும். இரண்டு அத்தியாயம் வாசிக்க ஆசை வரும், வாசிக்காதீர்கள். இடையில் ஓர் இரவு இருந்தால்தான், யார் செய்திருப்பான் என்று பாத்திரம் கழுவும்போது யோசிக்கலாம். சிஞ்ஞோரா மூன்று முறைக்கு இரண்டு முறை சரியாகப் பிடிப்பார். நான் ஒருமுறையும் பிடித்ததில்லை.

எதில் தொடங்குவது? வந்த வரிசையிலேயே தொடங்குங்கள். தண்ணீரின் வடிவத்தைக் கேட்கிற முதல் நாவல், 1994. பிறகு 1996இல் வந்த இரண்டு: குகைக்குள் ஐம்பது வருடமாகக் கிடந்த காதலர்களையும் சுடுமண் நாயையும் பற்றியது ஒன்று, மற்றப் பிள்ளைகளின் சிற்றுண்டியைக் களவெடுக்கிற துனீசியப் பெடியனைப் பற்றியது மற்றது. பிறகு வயலின், பிறகு திந்தாரிச் சுற்றுலா. இந்த ஐந்தையும் கலைக்காமல் வாசியுங்கள். மொந்தல்பானோ மற்றத் துப்பறியும் ஆட்கள் மாதிரி வயது நின்றுபோன ஆள் இல்லை. 1950இல் பிறந்தவர், புத்தகத்துக்குப் புத்தகம் வயது போகிறது, முழங்கால் நோகிறது, கண்ணாடியைப் பார்க்கப் பயப்படுகிறார். ஜெனோவாவில் இருக்கிற காதலி லிவியாவோடு தொலைபேசியில் பிடிக்கிற சண்டைகூடப் பழசாகிறது. ஐந்துக்குப் பிறகு கையில் கிடைத்ததை வாசிக்கலாம். உண்மையைச் சொன்னால் நடுவில் சில புத்தகங்கள் தொய்வு. அழகான பெண் வருவாள், இன்ஸ்பெக்டர் தடுமாறுவார், இரவு கனவு காண்பார். அந்த இடங்களில் சிஞ்ஞோரா, "கடத்து, கடத்து" என்று கையை ஆட்டுவார்.

மொழிக்கு வருவோம். இத்தாலியன் தெரிந்த ஆட்கள்தான் இங்கே அதிகம் தடுக்கி விழுவார்கள். அகராதியைத் தூக்கி வையுங்கள், ஒரு கொப்பி எடுங்கள். முப்பது சொல் எழுதினால் போதும், மிச்சம் தானாக ஓடும். என் கொப்பியின் முதல் பக்கத்தில் இருப்பவை: 'தலியாரே' என்றால் பார்ப்பது. 'தந்தீக்கியா' கொஞ்சம். 'பிச்சொத்தோ' பெடியன். 'பப்பியாரே' பகிடி விடுவது. 'பித்தீத்து' பசி. 'அம்மட்சதீனா' கொலை, பலகாரத்தின் பெயர் மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள். 'கமுரீயா' தொல்லை, அரியண்டம். இது ஒன்றைக் கற்றுக்கொண்டாலே சிசிலியில் ஆறு மாதம் காலம் தள்ளலாம். 'கப்பசீசி' என்பதற்கு அர்த்தம் எழுத மாட்டேன். ஆணுக்கு இரண்டு இருக்கிறது, கோபம் வந்தால் மொந்தல்பானோ அதை உடைக்க வேண்டாம் என்பார்.

இவையெல்லாம் தெரியாத சொற்கள். தெரியாதது ஆபத்து இல்லை. தெரிந்த மாதிரி நடிக்கிற சொல்தான் ஆபத்து. 'மகாரி' என்பதை நீங்கள் இத்தாலியனில் 'மகாரி நடந்தால் நல்லது' என்கிற மாதிரிப் படித்திருப்பீர்கள். கமில்லேரியில் அது வெறும் 'கூட', 'உம்'. அதைவிட மோசம் 'ஸ்பியாரே'. இத்தாலியனில் உளவு பார்ப்பது. முதல் புத்தகம் வாசித்தபோது, இன்ஸ்பெக்டருக்குக் கீழே வேலை செய்கிற ஃபாட்ஸியோ உளவு பார்த்தான், இன்ஸ்பெக்டர் உளவு பார்த்தார், சாப்பாட்டுக்கடைக்காரன்கூட உளவு பார்த்தான் என்று ஒரு கிழமை நினைத்துக்கொண்டிருந்தேன். பொலிஸ் நிலையம்தானே, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் சிஞ்ஞோரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிசிலியனில் 'ஸ்பியாரே' என்றால் கேட்பது. கேள்வி கேட்டான், அவ்வளவுதான்.

இன்னொன்று. இது உண்மையான சிசிலியன் என்று நம்பி பஸ்ஸில் கதைத்துப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். கமில்லேரியுடையது அக்ரிஜெந்தோப் பக்கத்துப் பேச்சு, அதிலும் அவருடைய குடும்பத்துச் சொற்கள், அதிலும் பாதி இத்தாலிய வினைக்குச் சிசிலிய வால் ஒட்டினது. "இப்பிடி ஒருத்தரும் கதைக்கிறேல்ல" என்று பலெர்மோக்காரியான சிஞ்ஞோரா ஒவ்வொரு புத்தகத்திலும் ஒருக்காவது முறைப்பாடு வைப்பார். வைத்துவிட்டு, "வாசி" என்பார்.

இத்தாலியன் தெரியாது, ஆங்கிலத்தில்தான் வாசிப்பேன் என்றால் ஸ்டீபன் சார்த்தரெல்லியின் மொழிபெயர்ப்பை எடுங்கள். புத்தகத்தின் கடைசியில் குறிப்புகள் இருக்கும், முதலில் அவற்றை வாசியுங்கள். அரசியல், சாப்பாடு, பழமொழி எல்லாம் அங்கேதான். மூலத்தில் இருக்கிற இரண்டு மொழிச் சண்டை ஆங்கிலத்தில் முக்கால்வாசி காணாமல் போகும். கத்தரெல்லாவிடம் மட்டும் தப்பும். பொலிஸ் நிலையத்தில் தொலைபேசி எடுக்கிற அந்தப் பெடியன் எல்லாருடைய பெயரையும் கொலை செய்வான், 'ஆளே நேரில் ஆளாக' என்கிற மாதிரி ஒரு தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்வான். சார்த்தரெல்லி அதை 'பொய்ஸனலி இன் பொய்ஸன்' என்று ஆக்கியிருக்கிறார். பழைய நியூயோர்க் தெருப் பேச்சு. சத்தம்போட்டு வாசித்தால் சிரிப்பு வரும், கண்ணால் வாசித்தால் அச்சுப்பிழை மாதிரி இருக்கும்.

கத்தரெல்லாவைப் பார்த்து இங்கத்தைய ஆட்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று. விசாக் கந்தோர் கண்ணாடிக்கு முன்னால், பெரிய சொல் பாவித்தால் மதிப்பார்கள் என்று நினைத்து, பத்திரத்தில் பார்த்த சொல்லையெல்லாம் தலைகீழாகச் சொன்ன ஆள் நான். அவன் முட்டாள் இல்லை. கந்தோர் மொழிக்குப் பயந்தவன். கணினி என்று வந்தால் நிலையத்திலேயே அவன்தான் கெட்டிக்காரன் என்பதைக் கவனியுங்கள்.

ஃபாட்ஸியோவையும் கவனியுங்கள். யாரைப் பற்றி விசாரித்தாலும் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, இன்னாரின் மகன், இன்ன தாய், பிறந்த இடம் இன்னது என்று தொடங்குவான். மொந்தல்பானோவுக்குப் பத்திக்கொண்டு வரும். எங்கள் கிராம சேவகர் இப்படித்தான், ஒரு கடிதம் கேட்டுப் போனால் பாட்டன் பெயரிலிருந்து வருவார்.

இந்தக் கதைகளின் எந்திரம் எங்கே செய்யப்பட்டது என்று தெரிந்தால் வாசிப்பு இன்னும் ருசி. 1964இலிருந்து 1972 வரை ராயில் ஜீனோ செர்வி நடித்த மெக்ரே என்ற துப்பறியும் தொடர் போனது. அதற்குத் தயாரிப்புப் பக்கம் கமில்லேரி. திரைக்கதை எழுதின தியேகோ ஃபாப்ரி, அதன் மூலமான சிமெனோன் நாவல்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப்போட்டு, வேறு ஒழுங்கில் சேர்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். துப்பறியும் கதை செய்ய அங்கேதான் பழகினேன் என்பார். முப்பது வருடம் கழித்துக் கை வைத்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஒரு சரித்திர நாவல் பாதியில் சிக்கி நின்றது. தோன்றினதைத் தோன்றின இடத்தில் எழுதிப் பழகின ஆள், முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை நேர்கோட்டில் ஒரு கதையை என்னால் எழுத முடியுமா என்று தன்னையே சோதிக்க எடுத்ததுதான் மொந்தல்பானோ. பெயர் ஸ்பானிய எழுத்தாளர் மனுவேல் வாஸ்க்கெஸ் மொந்தல்பானுக்கு நன்றி சொல்ல வைத்தது. இரண்டு புத்தகத்தோடு நிறுத்துகிற எண்ணம். இன்ஸ்பெக்டர் விடவில்லை.

அப்படிச் சிக்கி நின்ற நாவல் 1995இல் வந்தது, 'பிரெஸ்டன் ஊர் பியர் காய்ச்சுகிறவன்' என்று பெயர். மொந்தல்பானோ ஐந்து முடிந்ததும் அங்கே போங்கள், அல்லது 1998இல் வந்த தொலைபேசி அனுமதி நாவலுக்குப் போங்கள். எனக்கு இரண்டாவதுதான் மேல். 1891இல் ஒருத்தன் தன் சொந்தப் பாவனைக்குத் தொலைபேசிக் கம்பி இழுக்க விண்ணப்பம் போடுகிறான். அதிகாரியின் பெயரில் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதிவிடுகிறான். அவ்வளவுதான், ஒரு மாவட்டமே தலைகீழ். முழு நாவலும் கடிதங்களும் பேச்சுகளும்தான். 'எழுதப்பட்டவை', 'சொல்லப்பட்டவை' என்று மாறி மாறி வரும், இடையில் ஆசிரியர் வாயே திறக்க மாட்டார். இதை இரண்டு பேராகப் பிரித்து வாசியுங்கள். சிஞ்ஞோராவுக்குப் பல பக்கங்கள் பாடம், ஆகவே பெரிய அதிகாரிகளின் கடிதமெல்லாம் அவர், நான் விண்ணப்பக்காரன்.

மாஃபியாவைத் தேடி இந்தப் புத்தகங்களுக்குள் போகாதீர்கள். கதைகள் நடக்கிற கற்பனை ஊரான விகாத்தாவில் குஃபாரோ, சினாக்ரா என்று இரண்டு குடும்பம் இருக்கும். ஆனால் ஓரத்தில் நிற்கும். வேண்டுமென்றேதான். கதையின் நடுவில் வைத்தால் அவர்களுக்கு ஒரு மினுக்கம் வந்துவிடும், அந்த உபகாரத்தை நான் செய்ய மாட்டேன் என்று கமில்லேரி சொல்லியிருக்கிறார். 1992இல் இந்த நகரத்தில் மாஃபியாவின் குண்டுகள் வெடித்து என்ன நடந்தது என்று தெரிந்த ஆட்களுக்கு அந்த ஓரம் போதும்.

கடலைத் தேடிப் போகலாம். 2003இல் வந்த நாவலில் இரவில் துறைமுகத்தில், படகில் களவாக வந்த ஆட்களை இறக்குகிறார்கள். ஒரு சின்னப் பெடியன் கூட்டத்திலிருந்து ஓடுகிறான், மொந்தல்பானோ அவனைப் பிடித்து, தாய் என்று சொல்கிற மனுசியிடம் கையைப் பிடித்துக் கொடுக்கிறார். மிச்சத்தை நான் சொல்லக்கூடாது. அந்தப் பின்னேரம் பத்துப் பக்கத்தில் ஏழுதான் வாசித்தேன். நான் இந்த நாட்டுக்கு எப்படி வந்தேன் என்பது வேறு கதை, சிஞ்ஞோரா கேட்கவுமில்லை. "கோப்பி போடு" என்றார். அந்த ஒரு நாளுக்கு மட்டும் கணக்குப் பிசகி, புத்தகம் பத்தொன்பது நாள் எடுத்தது.

ஊரைப் போய்ப் பார்க்க ஆசை வந்தால் ஒரு எச்சரிக்கை. லூக்கா சிங்கரெத்தி நடித்த ரீவித் தொடர் 1999இலிருந்து 2021 வரை போனது. அதை எடுத்தது தீவின் மற்ற மூலையில், ரகூசாப் பக்கம். ரீவியில் வருகிற பொலிஸ் நிலையம் ஷிக்லி ஊரின் நகரசபை, கடற்கரை வீடு பூந்தா செக்காவில். வடிவான இடங்கள். ஆனால் எழுதின விகாத்தா அவை இல்லை. அது போர்த்தோ எம்பெதோக்லே. சீமெந்து, மீன்பிடி வள்ளம், பழைய கோபுரம். பலெர்மோவிலிருந்து அக்ரிஜெந்தோவுக்கு பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம், அங்கிருந்து ஊர் பஸ். ரோமா வீதியில் இன்ஸ்பெக்டருக்கு ஒரு சிலை இருக்கிறது. தலைமயிரும் மீசையும் உள்ள சிலை; புத்தகத்து ஆள் அப்படித்தான். ரீவி பார்த்துவிட்டுப் போகிற ஆட்கள் மொட்டைத் தலையைத் தேடித் தேடித் தாண்டிப் போவார்கள். 2003இல் நகரசபை தன் பெயரோடு விகாத்தா என்று சேர்த்தும் பார்த்தது, பிறகு எடுத்துவிட்டது. கமில்லேரியின் கல்லறை இங்கே இல்லை. 2019 ஜூலை 17இல் ரோமில் செத்தார், 93 வயது. அங்கே கத்தோலிக்கர் அல்லாதோர் சேமக்காலையில் இருக்கிறார்.

'ரிக்கார்தீனோ'வைக் கடைசிக்கு வையுங்கள். இதில் மட்டும் சமரசம் இல்லை. 2005இலேயே எழுதி, நான் போன பிறகு போடுங்கள் என்று செல்லேரியோவிடம் கொடுத்து வைத்தது. 2016இல் கதையைத் தொடாமல் மொழியை மட்டும் புதுப்பித்தார். 2020 ஜூலையில் வந்தது. அதில் ஆசிரியரே இன்ஸ்பெக்டருக்குத் தொலைபேசி எடுப்பார், இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள். மற்றதெல்லாம் வாசிக்காத ஆளுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். பதிப்பகம் இரண்டு வடிவத்தையும் போட்டிருக்கிறது. பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த மொழி எத்தனை வருடத்தில் எவ்வளவு தூரம் இத்தாலியனை விட்டுப் போனது என்பது வெட்டவெளிச்சம்.

ஒன்று சொல்ல மறந்தேன்: பசியோடு வாசிக்காதீர்கள். மொந்தல்பானோ சாப்பிடும்போது கதைக்க மாட்டார், பக்கத்தில் இருக்கிறவரையும் கதைக்க விட மாட்டார். அதெலீனா சமைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவதை அவர் திறக்கிற நேரம் உங்கள் வயிறு சத்தம் போடும். அதெலீனாவின் அரஞ்சீனிக்கென்றே ஒரு சிறுகதை உண்டு. களவெடுக்கிற அவளுடைய இரண்டு மகன்மாரும் அபூர்வமாக ஒரே நேரத்தில் வெளியில் இருக்கிற வருடப் பிறப்பு இரவு. அந்தச் சோற்று உருண்டைக்காக மனுசன் லிவியாவோடு பாரிஸ் போவதையே விடுகிறார். செய்ய இரண்டு நாள் என்று செய்முறையும் அதில் இருக்கிறது. நான் செய்து பார்த்தேன். இறைச்சிக் குழம்பை முதல்நாளே வைத்து ஆற விடுவது உண்மையிலேயே முக்கியம், சூட்டோடு உருட்டினால் எண்ணெய்க்குள் வெடிக்கும்.

தட்டில் வைத்துக்கொண்டு போய், "சிஞ்ஞோரா, வொஸ்ஸியாவுக்கு அரஞ்சீனோ" என்றேன். அவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். பலெர்மோவில் அது அரஞ்சீனா, பெண்பால். சாந்தா லூசியா நாளில் நகரமே தின்கிறது. ஆண்பாலில் சொல்வது தீவின் மற்றப் பக்கத்து ஆட்களும் கமில்லேரியும். "அவர் பெரிய எழுத்தாளர், அவர் பிழையாகச் சொல்லலாம். நீ இந்த வீட்டில சொல்லாதே" என்றார். பின்னேரம் வீட்டுக்கு மிச்சத்தைக் கொண்டுபோனேன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளிடம் நியாயம் கேட்டேன். வாய்க்குள் ஒன்றை வைத்துக்கொண்டு அவள், "அப்பா, அது அரஞ்சீனா. இது கூடத் தெரியாதா?" என்றாள்.